கணவரை இழந்த பிறகு: கர்த்தர் என்னைத் தேற்றிய விதமும் அலைந்து கற்றவையும்

கணவரை இழந்து, இரண்டு பிள்ளைகளோடும் ஒரு பை நிறையக் காகிதங்களோடும் நிற்கிற ஒரு பெண்ணை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கர்த்தர் நல்லவர் என்று இன்று வாயாரச் சொல்கிறேன். அப்படிச் சொல்லும் இடத்துக்கு வந்துசேர எனக்குச் சில வருடங்கள் பிடித்தன. அதில் பாதிக் காலம் தேவையற்ற அலைச்சலில் போனது. எந்த அலுவலகத்தில் எந்தக் காகிதம் கேட்பார்கள், துக்கத்தில் ஜெபம் வராவிட்டால் என்ன செய்வது, சபையில் யார் சொல்வதைக் கேட்கலாம், யார் சொல்வதை விட்டுவிடலாம் என்று முதல் மாதத்திலேயே யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் என் பாரம் பெரிதும் குறைந்திருக்கும். எனக்கு அப்படி ஒருவரும் வாய்க்கவில்லை. அதனால் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் பெங்களூரில் மர்பி டவுனில் வாடகைக்கு இருந்தோம். என் கணவருக்குப் பீன்யாவில் இயந்திர உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை. நான் வீட்டிலேயே பிளவுஸும் சுடிதாரும் தைப்பேன். 2021 ஏப்ரல் கடைசியில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. ஆக்சிஜன் உள்ள ஒரு படுக்கைக்காக நகரமே ஓடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஒரு தனியார் மருத்துவமனையில் இடம் கிடைத்தபோது, கர்த்தர் வழி திறந்தார் என்று தரையில் விழுந்து துதித்தேன். மே மாதத்தின் நடுவில் அவர் போய்விட்டார். மருத்துவமனைக் கணக்கு ஐந்து லட்சத்து நாற்பதாயிரம். சேமிப்பு 90,000 போனது. ஒன்பது பவுன் நகையை அடகு வைத்து இரண்டு லட்சத்து முப்பதாயிரம் வாங்கினேன். மீதி இரண்டு லட்சத்து இருபதாயிரமும் கைமாற்று. அதில் ஒரு லட்சத்துக்கு நூற்றுக்கு மூன்று ரூபாய் மாத வட்டி. ஊரடங்கினால் என் அம்மாவால் கோலார் தங்கவயலிலிருந்து வர முடியவில்லை. கல்லறைத் தோட்டத்தில் சிலரைத்தான் விட்டார்கள். அவர் முகத்தை நாங்கள் பார்க்கவில்லை. என் மகன் இன்றும் அதைப் பற்றிக் கேட்பான்.

அதன் பிறகு வந்த மாதங்களில் எனக்கு ஜெபம் வரவில்லை. முழங்காலில் நின்றால் வார்த்தை எழாது. சபையார் தொலைபேசியில் ஆறுதல் சொன்னார்கள். "அழக்கூடாது சகோதரி, அவர் கர்த்தரிடத்தில் இருக்கிறார்" என்றார்கள். அன்பில் சொன்னதுதான், ஆனால் அந்தச் சொல் என்னை ஊமையாக்கியது. லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்திருந்தும் அவன் கல்லறைக்குப் போகிற வழியில் இயேசு கண்ணீர் விட்டார். அப்படியிருக்க, நான் ஏன் அழக்கூடாது? துக்கத்தில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: ஜெபிக்க வாய் வராவிட்டால் சங்கீதத்தை எடுத்து உரக்கப் படியுங்கள். 88ஆம் சங்கீதத்தைப் படியுங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் நடுவில் எங்காவது திரும்பி, துதியில் போய் முடியும். அது மட்டும் கடைசி வரி வரை இருட்டிலேயே நிற்கிறது. அப்படி ஒரு ஜெபத்தையும் கர்த்தர் தம்முடைய வேதத்தில் வைத்திருக்கிறார் என்று கண்ட இரவில், அவரை நோக்கி என்னால் கோபமாகப் பேச முடிந்தது. அவர் விலகிப் போகவில்லை. என் ஆறுதலின் ஆரம்பம் என்று அதைத்தான் சொல்வேன்.

ரயில் ஓடத் தொடங்கியதும் மாரிக்குப்பத்தில் ஏறி அம்மா வந்துவிட்டார். அப்பா சுரங்கத் தொழிலாளி. 2001 பிப்ரவரி கடைசியில் தங்கச் சுரங்கத்தை மூடியபோது எங்கள் குடியிருப்பில் எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில் வருமானம் நின்றது. அந்த வருடங்களை அம்மா எப்படிக் கடந்தார் என்று நான் கேட்டதேயில்லை. இப்போது அவர் என் வீட்டுக்கு வந்து புத்திமதி எதுவும் சொல்லவில்லை. ரசம் வைத்தார், கருவாட்டுக் குழம்பு வைத்தார். "எழுந்து சாப்பிடு பாப்பா, மற்றதை அப்புறம் பார்க்கலாம்" என்பார். சாப்பிட்டதும் படுக்கச் சொல்வார். மறுபடி எழுப்பிச் சாப்பிட வைப்பார். எலியாவின் கதை ஞாபகத்துக்கு வந்தது. சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று அந்தத் தீர்க்கதரிசி கேட்டபோது கர்த்தர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தூதனை அனுப்பினார். "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்பதுதான் தூதன் சொன்ன முதல் வார்த்தை. தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடி படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாம் முறையும் வந்து சாப்பிடச் சொன்னான். ஓரேபுக்குப் போவதும், மெல்லிய சத்தத்தைக் கேட்பதும் அதன் பிறகுதான். ஆகவே துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் தயவுசெய்து வசனத்துக்கு முன்னால் சாப்பாட்டைக் கொண்டுபோங்கள்.

சாப்பாடு இறங்கியது, தூக்கம் மட்டும் வரவில்லை. மாதக்கணக்கில் விடியும்வரை விழித்தே கிடந்தேன். தையல் இயந்திரத்தில் உட்கார்ந்தால் கை நடுங்கும். விசுவாசம் இருந்தால் மருந்து எதற்கு என்று ஒரு உறவினர் கேட்டார். அம்மா அதைக் காதில் வாங்காமல் என்னை ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். காலையிலேயே போனால்தான் வரிசையில் முன்னால் நிற்க முடியும். ஒரு முழு நாளை ஒதுக்கிக்கொண்டு போங்கள். மருத்துவர் என் கதையைப் பொறுமையாகக் கேட்டார். மாத்திரை தந்து, எந்த நாளில் திரும்ப வரவேண்டும் என்றும் எழுதிக்கொடுத்தார். சில வாரங்களில் தூக்கம் வந்தது. தூக்கம் வந்ததும் ஜெபமும் வந்தது. இரண்டையும் தந்தவர் ஒருவரே என்று நம்புகிறேன். இப்போது டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் இருக்கிறது: 14416. 2022 அக்டோபரில் தொடங்கினார்கள். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். சாவைப் பற்றிய நினைப்பு மனதில் வந்துபோகிறது என்றால் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே கூப்பிடுங்கள்.

பணத்தில் பட்ட அடியைச் சொல்கிறேன். வாடகை கட்ட முடியாமல் லிங்கராஜபுரத்தில் சிறிய வீட்டுக்கு மாறினோம். நகைக்கடன் தந்த நிறுவனம் அனுப்பிய நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போயிருக்கிறது. கொஞ்சம் வட்டியோடு நான் போய் நின்றபோது நகை ஏலம் போய்விட்டது என்றார்கள். என் கல்யாணச் சங்கிலி, மகளின் ஞானஸ்நானத்துக்கு அம்மா போட்ட கம்மல் எல்லாம் அதில் போயின. வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். சரியாக வெட்டுக்கிளி தின்ற வயல்தான். உங்கள் நகை அடகில் இருக்கிறது என்றால், வீடு மாறியவுடன் புதிய முகவரியை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். முதலைக் கட்ட முடியாவிட்டாலும் வட்டியைக் கட்டிப் புதுப்பிக்க முடியுமா என்று கேளுங்கள். ஏலம் போடுமுன் கடன் வாங்கியவருக்கு அறிவிக்க வேண்டும் என்பது விதி. இன்னொன்று பலருக்குத் தெரியாது: ஏலத்தில் கடன், வட்டி, செலவு போக மிஞ்சும் தொகை நம்முடையது. நான் எழுதிக் கேட்ட பிறகுதான் 38,000 ரூபாய் வந்தது.

இதே நாட்களில், தொலைபேசி வழியாக ஜெபக்கூட்டம் நடத்திய ஒருவர், விதைக் காணிக்கை அனுப்பினால் இழந்ததையெல்லாம் கர்த்தர் இரட்டிப்பாகத் தருவார் என்றார். மகனை இழந்த வேதனையில் என் மாமியார் தம் கையிலிருந்த 20,000 ரூபாயை அனுப்பிவிட்டார். அத்தையை நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனால் இதைப் படிக்கிறவர்களிடம் அழுத்தமாகவே சொல்கிறேன்: பணம் கேட்டு வருகிற ஆறுதலுக்குக் கதவைத் திறக்காதீர்கள். வெட்டுக்கிளிகள் "பட்சித்த வருஷங்களின் விளைவை உங்களுக்குத் திரும்ப அளிப்பேன்" என்று யோவேல் புத்தகத்தில் இருக்கும் வாக்கு விலைக்குக் கிடைப்பதல்ல. சாப்பிட வழியற்று, காணிக்கை செலுத்தவும் தானியம் இல்லாதிருந்த ஜனத்துக்குச் சொல்லப்பட்டது அது. விதவையின் வீட்டுக்கு முதலில் கொடுக்கத்தான் வேதம் சொல்கிறது.

எனக்கு வழி காட்டியது ரூத் புத்தகம். சிறு வயதிலிருந்தே கேட்ட கதைதான். அதுவரை ரூத்தை மட்டும் பார்த்திருக்கிறேன். இப்போது அவள் மாமியார் நகோமியைப் பார்த்தேன். மோவாபிலே கணவன் எலிமெலேக்கையும் இரண்டு மகன்களையும் புதைத்துவிட்டுப் பெத்லெகேமுக்கு வருகிறாள். என்னை நகோமி என்று கூப்பிடாதீர்கள், கசப்பு என்று பொருள்படும் மாராள் என்று கூப்பிடுங்கள், நிறைவாய்ப் போனவள் வெறுமையாய்த் திரும்பினேன் என்று ஊர்ப் பெண்களிடம் வெளிப்படையாகச் சொல்கிறாள். அவளையும் யாரும் கண்டிக்கவில்லை. அவள் வாழ்வு எங்கே திரும்புகிறது என்று கவனியுங்கள். நகர வாசலில் திரும்புகிறது. எலிமெலேக்கின் உறவினனான போவாஸ் காலையில் அங்கே போய் உட்கார்ந்து, மூப்பரில் பத்துப் பேரைச் சாட்சியாக வைத்து, எலிமெலேக்கின் நிலத்தைப் பற்றிப் பேசுகிறான். உரிமையுள்ள உறவினன் தன் பாதரட்சையைக் கழற்றிக் கொடுக்கிறான். அந்தக் காலத்துப் பத்திரப்பதிவு அது. கர்த்தர் ஒரு விதவையின் கண்ணீரைச் சாட்சி, உரிமை, நிலம் என்கிற காரியங்களைக் கொண்டு துடைத்தார். அதைப் படித்த பிறகு அரசு அலுவலகப் படிகளில் ஏறுவது எனக்கு ஜெபத்திலிருந்து விலகின வேலையாகத் தோன்றவில்லை.

எனக்கும் ஒருவரை அனுப்பினார். எங்கள் சபையில் ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவர் இருக்கிறார். ஒரு நாள் ஆராதனை முடிந்து, "உன் கணவருடைய பாஸ்புக்கையெல்லாம் கொண்டுவா அம்மா" என்றார். ஆலயத்துக்குப் பின்னால் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படித்தார். 2020 மே மாதத்தில் 330 ரூபாய் பிடித்தம் என்று ஒரு வரி. பிரதம மந்திரியின் ஜீவன் ஜோதி காப்பீடு அது. சேமிப்புக் கணக்கிலிருந்து வருடத்துக்கு ஒரு முறை தானாகப் பிடிப்பார்கள். இப்போது 436 ரூபாய். எந்தக் காரணத்தால் மரணம் நேர்ந்தாலும் குடும்பத்துக்கு இரண்டு லட்சம். என் கணவர் எப்போதோ கையெழுத்துப் போட்டிருக்கிறார், வீட்டில் சொல்ல மறந்திருக்கிறார். நாங்கள் கேட்டபோது காலம் கடந்திருந்ததால் தாமதத்துக்குக் காரணம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தோம், பணம் வந்தது. உங்கள் வீட்டில் மரணம் நேர்ந்திருந்தால், குறைந்தது இரண்டு வருட பாஸ்புக்கைப் பதிவுபோட்டு வாங்கி, சின்னப் பிடித்தங்களையெல்லாம் பாருங்கள். அங்கேதான் காப்பீடுகள் ஒளிந்திருக்கும்.

அடுத்தது வருங்கால வைப்புநிதி. வேலையில் இருக்கும்போது இறந்த தொழிலாளிக்கு மூன்று உரிமைகள் உண்டு: சேர்ந்த தொகை, மனைவிக்கு மாத ஓய்வூதியம், வைப்புநிதியோடு இணைந்த காப்பீடு. இரண்டு பிள்ளைகள் வரை 25 வயதாகும்வரை அவர்களுக்கும் தனி ஓய்வூதியம் உண்டு. அந்தக் காப்பீட்டுக்கு நம் சம்பளத்தில் பிடித்தமே கிடையாது, முதலாளி கட்டுவது. அதனால்தான் குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. 2021 ஏப்ரலில் அதன் உச்சவரம்பை ஏழு லட்சமாக உயர்த்தியிருந்தார்கள். மூன்றையும் சேர்த்துக் கேட்க ஒரே படிவம் போதும், தொழிற்சாலை நிர்வாகத்தின் கையொப்பம் வேண்டும். எங்களுக்குத் தடையாக நின்றது பெயர். ஆதாரில் ஒரு பெயர், வைப்புநிதிக் கணக்கில் இனிஷியல் மாறிய இன்னொரு பெயர், ஆலயத் திருமணப் பதிவேட்டில் ஞானஸ்நானப் பெயர். கிறிஸ்தவக் குடும்பங்களில் இது சாதாரணம். நிர்வாகமும் நானும் சேர்ந்து கூட்டு உறுதிமொழி கொடுத்தோம். ஆயர் திருமணப் பதிவேட்டிலிருந்து சான்று எழுதித் தந்தார். பல மாதங்கள் ஓடின. உங்கள் கணவர் நலமாக இருக்கிறார் என்றால் இந்த வாரமே மூன்று இடத்திலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள், வைப்புநிதியில் வாரிசுப் பெயரைப் பதியச் சொல்லுங்கள். கொரோனா மரணத்துக்கான 50,000 ரூபாயை மட்டும் சபையில் ஒரு தம்பி முன்னமே விண்ணப்பித்து வாங்கித் தந்திருந்தார்.

கடன் அடைந்தது. கடன் அடைந்ததால்தான் கர்த்தர் நல்லவர் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என்னைப் போலவே ஜெபித்து, இதில் எந்தப் பணமும் கிடைக்காத பெண்களை அறிவேன். அம்மா ரயிலேறி வந்த நாளிலேயே கர்த்தருடைய நன்மை என் வீட்டுக்குள் வந்துவிட்டது. "அவர் என் ஆத்துமாவைத் தேற்றி" என்று 23ஆம் சங்கீதத்தில் இருக்கிறதே, அந்தத் தேறுதல் பணம் வருவதற்கு வெகு முன்னாலேயே தொடங்கியிருந்தது. சந்தோஷம் வரத்தான் நாளானது. வந்தபோதும் எனக்கு அதைப் பார்த்துப் பயமாக இருந்தது.

எங்கள் ஆலயத்தில் அறுப்பின் பண்டிகைக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஏதாவது கொண்டுவந்து படைப்போம். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். வாழைத்தார், கோழி, கேக், ஊறுகாய் என்று மண்டபம் நிறைந்திருக்கும். மிஞ்சின துணியில் ஒரு குழந்தைச் சட்டை தைத்து நானும் வைத்திருந்தேன். ஒரு பூசணிக்காய்க்குத் தங்கவயலைச் சேர்ந்த இரண்டு தாத்தாக்கள் விட்டுக்கொடுக்காமல் ஏற்றிக்கொண்டே போனார்கள். நூறு ரூபாய்க் காய் மூவாயிரத்தைத் தொட்டது. வென்ற தாத்தா அதைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்த் தோற்றவர் மடியிலேயே வைத்தார். சபை முழுவதும் சிரித்தது. நானும் வயிறு குலுங்கச் சிரித்தேன். சிரித்து முடிந்ததும் நெஞ்சு அடைத்தது: அவர் மண்ணுக்குள் இருக்கிறார், நான் சிரிக்கிறேன். அன்று இரவு மகள் வழக்கத்துக்கு மேல் சாப்பிட்டாள். கேட்டதற்கு, "நீ சிரித்ததைப் பார்த்ததும் எனக்குப் பசி எடுத்தது அம்மா" என்றாள்.

அந்தக் குழந்தை அவ்வளவு காலம் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து அரைவயிறு சாப்பிட்டிருக்கிறது. மறுபடி நகோமியிடம் போனேன். ரூத்துக்கும் போவாசுக்கும் ஓபேத் பிறந்தபோது அந்தப் பிள்ளையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். எலிமெலேக்கு எழுந்து வரவில்லை, மகன்களும் வரவில்லை. அவர்களை அவள் மறந்தாள் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. மடியில் பிள்ளை இருக்கிறது, மோவாபிலே மூன்று கல்லறைகளும் இருக்கின்றன. அப்படியே அவள் களிகூர்ந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்து பிள்ளைக்குப் பெயர் வைத்தார்கள். அன்றிலிருந்து சிரிப்பு வந்தால் அடக்குவதில்லை. மே மாதத்தில் அழுகை வரும், அதையும் அடக்குவதில்லை. உங்களுக்கும் சிரிப்பு திரும்பும்போது, போனவருக்குச் செய்யும் துரோகம் என்று அதைத் தள்ளாதீர்கள். தருகிறவர் கர்த்தர், வாங்கிக்கொள்ளுங்கள். சாட்சி சொல்ல மேடைக்கு வா என்று யாராவது அவசரப்படுத்தினால், இன்னும் நேரம் வரவில்லை என்று சொல்லுங்கள். நானும் அப்படிச் சொன்னேன், ஆயர் புரிந்துகொண்டார்.

இப்போது சபையில் யாராவது கணவரை இழந்தால் பாஸ்புக்கைப் படித்துத் தந்த அந்தப் பெரியவரும் நானும் சேர்ந்து போகிறோம். முதல் நாள் சாப்பாடு மட்டும். அடுத்த வாரம் காகிதம். மரணத்தை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். சான்றிதழில் பெயரும் முகவரியும் எழுத்து பிசகாமல் இருக்கிறதா என்று கையில் வாங்கிய இடத்திலேயே படித்துவிட வேண்டும். பத்துப் பிரதிகளாவது எடுத்துவையுங்கள். கர்நாடகத்தில் வம்சவிருட்சம் என்று சொல்லும் குடும்பச் சான்றை நாட கச்சேரி என்ற வருவாய்த் துறை அலுவலகத்தில் வாங்க வேண்டும். வங்கியிலும் மற்ற அலுவலகங்களிலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். கன்னடம் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கில் நாமினியாக இருப்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளத்தான் உரிமையுள்ளவர், அது எல்லா வாரிசுகளுக்கும் சேரவேண்டியது என்பதைக் குடும்பத்தில் முன்னமே பேசிவிடுங்கள். பிறகு வரும் சண்டை தவிரும். தனியாகப் போகப் பயமாக இருந்தால் உங்கள் சபையில் நிதானமான ஒருவரைத் துணைக்குக் கேளுங்கள். கேட்க வாய் வராவிட்டால், நான் எழுதிய இதை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.